மேகத்துக்குள் எதை நம்புவது? சிறு விமானங்களின் மாற்றுக் கருவிகளும் ஜிபிஎஸ்ஸும்

சிறு விமானங்களின் மாற்றுக் கருவிகளை, அதாவது முதன்மைக் கருவி பழுதானால் கைகொடுக்க வைத்திருக்கும் கருவிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு வாதங்கள் தவறாமல் வரும். "ஜிபிஎஸ் இருந்தால் போதும், வேகம், உயரம், திசை எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடும், தனியாக மாற்றுக் கருவி எதற்கு?" என்பது ஒன்று. "இப்போது வரும் மின்னணுக் கருவிகள் எல்லாமே ஜிபிஎஸ்ஸை நம்பித்தான் ஓடுகின்றன, சிக்னல் போனால் திரையும் போய்விடும், பழைய முள் கருவிதான் கைகொடுக்கும்" என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எதை நம்பி மேகத்துக்குள் நுழைந்தாலும் ஆபத்துதான்.

குழப்பத்தின் வேர் இதுதான்: விமான அறைக்குள் ஜிபிஎஸ் மூன்று வெவ்வேறு விதமாகப் பயன்படுகிறது. சில கருவிகளில் திரையில் தெரியும் எண்ணே ஜிபிஎஸ் தருவது. சிலவற்றில் அது வேறோர் உணரியின் பிழையைத் திருத்தும் துணை மட்டுமே. இன்னும் சிலவற்றில் அதற்கு வேலையே இல்லை. நம்முன் இருக்கும் கருவி இவற்றில் எந்த வகை என்று தெரியாதவரை, அது ஜிபிஎஸ் சார்ந்ததா இல்லையா என்ற விவாதம் எங்கும் போய்ச் சேராது. இதைப் புரிந்துகொள்ள விமானி உரிமமோ உயர்கணிதமோ தேவையில்லை.

## உடல் ஏன் ஏமாறுகிறது

வெளியே தொடுவானம் தெரியும்வரை விமானத்தை நேராக வைத்திருப்பது எளிது. மேகத்துக்குள் போனதும் கண்ணுக்குப் பிடிமானம் இல்லாமல் போகிறது. உடல் தன் உட்காதை நம்பத் தொடங்குகிறது. உட்காதில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை சுழலத் தொடங்கும்போது குழாய் நகர்கிறது, திரவம் பின்தங்குகிறது. அந்த வித்தியாசத்தைத்தான் மூளை சுழற்சியாக உணர்கிறது. ஒரே சீரான திருப்பம் சில பத்து விநாடிகள் நீடித்தால் திரவமும் குழாயோடு சேர்ந்து சுழலத் தொடங்கிவிடும். வித்தியாசம் மறைந்துவிடும். விமானம் சாய்ந்து வட்டமடித்துக்கொண்டிருக்க, விமானிக்கோ நேராகப் போவதுபோலவே இருக்கும். அந்தச் சாய்வைச் சரிசெய்தால் இப்போது எதிர்ப்பக்கம் சாய்வதாக உடல் சொல்லும்.

1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேருக்கு வெளிக்காட்சி மறைக்கப்பட்டது. 20 பேருமே விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக அதற்கு ஆன நேரம் 178 விநாடி. பெரும்பாலோர் விழுந்தது ஒரே பொறியில்: இறக்கை மெல்லச் சாய்கிறது, மூக்கு தாழ்கிறது, வேகம் கூடுகிறது, வேகத்தைக் குறைக்க விமானி கட்டுப்பாட்டுத் தண்டைத் தன்பக்கம் இழுக்கிறார், இறக்கை சாய்ந்தே இருப்பதால் சுழல் இன்னும் இறுகுகிறது. அதே ஆய்வு நம்பிக்கை தரும் ஒன்றையும் காட்டியது. மிகச் சில கருவிகளைக் கொண்டே மெதுவாகத் திரும்பி வெளியேறும் முறையைச் சில மணி நேரம் கற்றுக்கொண்டபின் அவர்களில் பெரும்பாலோரால் தப்பி வர முடிந்தது.

ஆக, மேகத்துக்குள் ஒரு விமானிக்கு முதலில் தெரிய வேண்டியது தான் இருக்கும் இடம் அன்று, விமானத்தின் சாய்நிலை. மூக்கு தொடுவானத்துக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, இறக்கை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையே இந்தக் கட்டுரையில் சாய்நிலை என்கிறேன். இடத்தை ஒரு நிமிடம் கழித்தும் தெரிந்துகொள்ளலாம். சாய்நிலை தெரியாமல் ஒரு நிமிடம் என்பது மிக நீண்ட நேரம்.

## ஆறு வட்டங்கள், இரண்டு ஊற்றுகள்

1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க் அருகே மிட்செல் ஃபீல்டில் ஜிம்மி டூலிட்டில் என்ற அமெரிக்க விமானி, மூடப்பட்ட இருக்கைக்குள் அமர்ந்து, வெளியே எதையும் பார்க்காமல் விமானத்தைக் கிளப்பி, வட்டமடித்து, தரையிறக்கினார். அன்று அவருக்கு உதவிய, சாய்நிலையைக் காட்டும் கருவியான செயற்கைத் தொடுவானமும் நுட்பமான உயரமானியும் பிறகு எல்லா விமானங்களுக்கும் பரவின. காலப்போக்கில் சிறு விமானங்களின் பலகையில் ஆறு வட்டக் கருவிகள் நிலைபெற்றன.

அவற்றில் மூன்று காற்றழுத்தத்தால் இயங்குபவை. காற்றுவேகமானி, உயரமானி, ஏறும் அல்லது இறங்கும் வேகத்தைக் காட்டும் கருவி. இவற்றுக்கான காற்று இரண்டு வழிகளில் வருகிறது. எதிர்க்காற்றை வாங்கும்படி முன்னோக்கி நீட்டியிருக்கும் சிறு குழாய்க்குப் பிட்டோ குழாய் என்று பெயர். விமானத்தின் பக்கவாட்டில், சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தை மட்டும் வாங்கும் துளைக்கு நிலையழுத்தத் துளை என்று பெயர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காற்றுவேகம். துளை அழுத்தம் மட்டும் தருவது உயரம்.

மற்ற மூன்றும் ஜைரோவால் இயங்குபவை. வேகமாகச் சுழலும் சக்கரம் தன் அச்சின் திசையை எளிதில் விட்டுக்கொடுக்காது என்ற பண்பைப் பயன்படுத்துவதே ஜைரோ. செயற்கைத் தொடுவானம், ஜைரோ திசைகாட்டி, விமானம் திரும்பும் வீதத்தைக் காட்டும் திருப்பக் காட்டி ஆகியவை இந்த வகை. பெரும்பாலான பழைய விமானங்களில் முதல் இரண்டின் சக்கரங்களையும் எஞ்சினோடு இணைந்த வெற்றிடப் பம்பு காற்றை உறிஞ்சிச் சுழற்றுகிறது. திருப்பக் காட்டியின் சக்கரம் மின்சாரத்தில் சுழல்கிறது. இந்தப் பிரிவினை வேண்டுமென்றே செய்யப்பட்டது. பம்பு உடைந்தால் திருப்பக் காட்டி மிஞ்சும். மின்சாரம் போனால் செயற்கைத் தொடுவானம் மிஞ்சும்.

வெற்றிடப் பம்பு செயலிழக்கும் விதம் கொடுமையானது. உலர்வகைப் பம்புகளில் உள்ள கார்பன் தகடுகள் தேய்ந்து ஒருநாள் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். ஆனால் ஜைரோ சக்கரம் உடனே நிற்பதில்லை. சில நிமிடங்கள் தளர்ந்து தளர்ந்து சுழலும். அந்த நேரத்தில் செயற்கைத் தொடுவானம் மெல்ல ஒரு பக்கம் சாயும். பழைய கருவிகள் பலவற்றில் எச்சரிக்கைக் கொடியும் கிடையாது. விமானி அந்தச் சாய்வை நம்பி, நேராகப் போகும் விமானத்தைச் சரிசெய்வதாக எண்ணிச் சாய்த்துவிடுவார். பழைய முள் கருவிகளே நம்பகமானவை என்று பேசுபவர்கள் இந்தப் பம்பையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். மின்னணு மாற்றுக் கருவிகள் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு முக்கியக் காரணமே அதுதான்.

## மாற்று என்று சொல்ல ஒரே தகுதி

ஒரு கருவி மாற்றுக் கருவி ஆவதற்கு அது இரண்டாவதாக இருந்தால் மட்டும் போதாது. முதல் கருவியைச் சாய்த்த அதே காரணம் இதையும் சாய்க்காமல் இருக்க வேண்டும்.

1996 அக்டோபர் 2 அன்று லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு நிறுவனத்தின் போயிங் 757 பசிபிக் கடலில் விழுந்து 70 பேர் இறந்தார்கள். விமானத்தைக் கழுவும்போது நிலையழுத்தத் துளைகள்மேல் ஒட்டிய டேப் அகற்றப்படாமல் இருந்தது. உயரமானிகளும் வேகமானிகளும் தாறுமாறாகக் காட்டின. இருட்டில் கடலுக்குமேல் திணறிய விமானிகள் தரைக் கட்டுப்பாட்டு நிலையத்திடம் தங்கள் உயரத்தைக் கேட்டார்கள். நிலையம் சொன்னது ஏறத்தாழ 9,700 அடி. விமானமோ அலைகளைத் தொடும் நிலையில் இருந்தது. தரைநிலையத்துத் திரையில் தெரிந்த அந்த உயரம், விமானத்தின் சொந்தக் கருவி அனுப்பிய அதே தவறான எண். வெளியிலிருந்து வந்த சாட்சிபோல் தோன்றியது உள்ளிருந்தே கிளம்பிய எதிரொலி. அது பெரிய விமானம்தான். ஆனால் அது காட்டும் உண்மை எந்த விமானத்துக்கும் பொருந்தும்.

இருப்பிடமும் முக்கியம். 2000 அக்டோபரில் மிசௌரி மாநில ஆளுநர் மெல் கார்னஹான் பயணம் செய்த செஸ்னா 335 மோசமான வானிலையில் விழுந்தது. விமானியின் பக்கமிருந்த செயற்கைத் தொடுவானம் செயலிழந்திருந்தது. வலப்பக்க இருக்கைக்கு எதிரே இன்னொன்று இருந்தது. அதைப் பார்த்துப் பறக்க முயல்வதாக விமானி வானொலியில் சொன்னார். குலுக்கும் மேகத்துக்குள் தலையைத் திருப்பித் திருப்பி ஒரு கருவியைப் படிப்பது உட்காதை மேலும் குழப்பும் வேலை. விமானி நிலைகுலைந்ததே காரணம் என்று முடிவுசெய்த விசாரணை, கருவி செயலிழந்ததையும் வானிலையையும் துணைக்காரணங்களாகக் குறித்தது.

சுருக்கமாக, ஒரு மாற்றுக் கருவியைப் பார்த்ததும் மூன்றைக் கேட்க வேண்டும். தகவல் எங்கிருந்து வருகிறது? ஆற்றல் எங்கிருந்து வருகிறது? கண் எளிதாக அதன்மேல் விழுகிறதா?

## ஜிபிஎஸ் உண்மையில் எதை அளக்கிறது

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால், அதை வாங்கும் கருவியான ஏற்பி தன் இடத்தையும் நேரத்தையும் கணக்கிடும். சிக்னலின் அலைவரிசை எவ்வளவு மாறுகிறது என்பதைக் கொண்டு தன் நகர்வின் வேகத்தையும் திசையையும் துல்லியமாகச் சொல்லும். அதற்குத் தெரிந்தது பூமியைப் பொறுத்த இடமும் நகர்வும். காற்று அதற்குத் தெரியாது. இறக்கையின் சாய்வும் தெரியாது.

வேகத்தை எடுத்துக்கொள்வோம். விமானம் காற்றில் மிதப்பது காற்றுவேகத்தால், தரைவேகத்தால் அன்று. காற்றுவேகம் என்பது விமானத்தைச் சுற்றி ஓடும் காற்றைப் பொறுத்த வேகம். தரைவேகம் என்பது நிலத்தைப் பொறுத்த வேகம். செஸ்னா 172எஸ் வகை விமானம், இறக்கையின் பின்விளிம்பு மடிப்புகளை இறக்காத நிலையில் 48 நாட் காற்றுவேகத்துக்குக் கீழே போனால் இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும். நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ. விமானி ஜிபிஎஸ்ஸைப் பார்த்து 65 நாட் வைத்திருக்கிறார்; பின்னாலிருந்து 20 நாட் காற்று அடிக்கிறது என்று கொள்வோம். அவருடைய உண்மையான காற்றுவேகம் 45 நாட். திரையில் பாதுகாப்பான எண் தெரியும்போதே விமானம் விழத் தொடங்கும். இது ஜிபிஎஸ்ஸின் பிழையன்று. அது தன்னிடம் கேட்ட கேள்விக்குச் சரியாகவே பதில் சொன்னது. கேட்ட கேள்விதான் வேறு.

உயரத்திலும் இப்படித்தான். உயரமானி அளப்பது காற்றழுத்தத்தை. கடல்மட்டத்தில் 1013.25 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம், 15 பாகை செல்சியஸ் வெப்பநிலை என்ற ஒரு செந்தரக் காற்றுமண்டலத்தை வைத்து அழுத்தத்தை அடியாக மாற்றிக் காட்டுகிறது. காற்று செந்தரத்தைவிட 10 பாகை குளிர்ந்திருந்தால் உண்மையான உயரம் ஏறத்தாழ 4 சதவீதம் குறைவாக இருக்கும். 20 பாகை குளிர்ந்த நாளில் உயரமானி 8,000 அடி என்று காட்டும்போது ஜிபிஎஸ் 7,360 அடி என்று காட்டலாம். இரண்டும் பழுதில்லாமல்தான் இருக்கின்றன. ஆனால் வானில் உள்ள மற்ற எல்லா விமானங்களும் அழுத்த உயரத்தைக் கொண்டே ஒன்றுக்கொன்று விலகிப் பறக்கின்றன. ஒருவர் மட்டும் ஜிபிஎஸ் உயரத்தைப் பிடித்துப் பறந்தால் இன்னொருவருக்கு ஒதுக்கிய உயரத்துக்குள் நுழைந்துவிடுவார். மலைமுகட்டைத் தாண்டுவதா இல்லையா என்ற கேள்விக்கு மட்டும் ஜிபிஎஸ் உயரமே நேர்மையான விடை. அந்த ஒரு பயனுக்காகவே அதை ஓரக்கண்ணில் வைத்திருப்பது நல்லது.

திசை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பக்கக்காற்றில் மூக்கு ஒரு திசையிலும் விமானம் நகரும் பாதை வேறொரு திசையிலும் இருக்கும். ஜிபிஎஸ் சொல்வது பாதையை. வழிகண்டுபிடிக்க அது பெரும்பாலும் இன்னும் வசதியானது.

## தூக்குக்குண்டு சொல்லும் பொய்

ஓடும் பஸ்ஸின் கூரையிலிருந்து ஒரு நூலில் குண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். பஸ் நேராக ஒரே வேகத்தில் போகும்போது நூல் செங்குத்தாகத் தொங்கும். பஸ் இடப்பக்கம் திரும்பினால் குண்டு வலப்பக்கம் ஒதுங்கும். பஸ்ஸின் தளம் சாயவில்லை. ஆனால் குண்டை மட்டும் பார்ப்பவருக்குப் பஸ் சாய்ந்துவிட்டதுபோல் தோன்றும். குண்டு புவியீர்ப்பை மட்டும் காட்டுவதில்லை. புவியீர்ப்பும் திருப்பத்தின் இழுப்பும் சேர்ந்ததைக் காட்டுகிறது.

விமானத்தில் இதே குண்டு நேர்மாறாக ஏமாற்றும். சரியாகச் செய்யப்பட்ட திருப்பத்தில் விமானம், அந்த இரண்டும் சேர்ந்த விசை தளத்துக்கு நேர்க்கீழாக விழும் அளவுக்கே சாய்ந்திருக்கும். ஆகவே இறக்கை 30 பாகை சாய்ந்திருந்தாலும் குண்டு தளத்துக்குச் செங்குத்தாகத் தொங்கும். பார்ப்பவருக்கு விமானம் மட்டமாக இருக்கிறது. உடலும் இப்படித்தான் ஏமாறுகிறது. எடை 15 சதவீதம் கூடியிருப்பது மட்டுமே ஒரே தடயம், எந்தப் பக்கச் சாய்வு என்று அதிலிருந்து தெரியாது.

இன்றைய மின்னணுச் செயற்கைத் தொடுவானத்துக்குள் சுழலும் சக்கரம் இல்லை. ஒரு சில்லுக்குள் இரண்டு வகை நுண்ணுணரிகள் இருக்கின்றன. ஒன்று முடுக்கமானி, அது நம் தூக்குக்குண்டேதான், அதே பொய்யைச் சொல்லும். மற்றொன்று நுண்ஜைரோ, விமானம் எந்த அச்சில் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை நொடிக்குப் பலமுறை அளந்து தரும். அந்தச் சுழற்சிகளைக் கூட்டிக்கொண்டே வந்தால் இப்போதைய சாய்நிலை கிடைக்கும்.

கூட்டல் என்றதும் ஒரு சிக்கல் வருகிறது. ஜைரோ நொடிக்கு 0.05 பாகை மட்டுமே பிழை செய்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு நிமிடத்தில் அது 3 பாகை. 10 நிமிடத்தில் 30 பாகை. இப்படிப் பிழை குவிந்து காட்சி மெல்ல விலகுவதற்கு நழுவல் என்று பெயர். ஜைரோ சில விநாடிகளுக்கு நம்பகமானது, பல நிமிடங்களுக்கு இல்லை. முடுக்கமானி நீண்ட நேரச் சராசரியில் நம்பகமானது, திருப்பத்தின் நடுவில் இல்லை. இரண்டையும் ஒன்றுக்கொன்று காவலாக வைத்தால் நல்ல விடை கிடைக்கும். அதற்கு ஒரு தகவல் தேவைப்படுகிறது: முடுக்கமானி உணர்வதில் எவ்வளவு பங்கு திருப்பத்தால் வந்தது?

அந்தக் கணக்கு எளியது. திருப்பத்தின் இழுப்பு என்பது விமானத்தின் வேகத்தையும் திரும்பும் வீதத்தையும் பெருக்கினால் வருவது. 100 நாட், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 51 மீட்டர் வேகத்தில் விநாடிக்கு 3 பாகை திரும்பும் விமானத்துக்கு அது சுமார் 2.7 மீட்டர்/விநாடி². இதை முடுக்கமானியின் அளவிலிருந்து கழித்தால் மிஞ்சுவது தூய புவியீர்ப்பு. அதை வைத்துப் பார்த்தால் விமானம் ஏறத்தாழ 15 பாகை சாய்ந்திருப்பது தெரியும். குண்டின் பொய் பிடிபட்டுவிட்டது. திரும்பும் வீதத்தை ஜைரோ தருகிறது. வேகம் எங்கிருந்து வரும்?

ஜிபிஎஸ் உள்ளே நுழையும் வாசல் இதுதான். வேகத்தைப் பிட்டோ குழாயிலிருந்து எடுக்கலாம், ஜிபிஎஸ்ஸிலிருந்தும் எடுக்கலாம். ஜிபிஎஸ் சாய்நிலையை அளப்பதில்லை. சாய்நிலையை அளக்கும் உணரிகளில் ஒன்று சொல்லும் பொய்யைக் கண்டுபிடிக்கத் துணை நிற்கிறது.

நியாயமாகச் சொன்னால், பழைய ஜைரோ கருவிக்கும் இந்த நோய் உண்டு. அதன் சக்கரத்தைச் செங்குத்தில் வைத்திருக்கும் சிறு ஊசலும் ஒரு தூக்குக்குண்டுதான். நீண்ட திருப்பத்தில் அதுவும் சக்கரத்தைக் கொஞ்சம் தவறான பக்கம் இழுக்கும்.

## மூன்று வகை உறவு

இப்போது கடைகளில் கிடைக்கும் கருவிகளைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகை, ஜிபிஎஸ்ஸுக்கு வேலையில்லாதவை. முள் காட்டும் காற்றுவேகமானி, உயரமானி, காந்தத் திசைகாட்டி, ஜைரோ கருவிகள். கார்மின் நிறுவனத்தின் ஜி1000 மின்னணுத் திரைகளோடு வந்த செஸ்னா 172எஸ் விமானங்களில் திரைக்குக் கீழே காற்றுவேகமானி, செயற்கைத் தொடுவானம், உயரமானி என மூன்று சிறு வட்டங்கள் இருந்ததைப் பலர் பார்த்திருக்கலாம். அந்தத் தொடுவானம் வெற்றிடத்தால் ஓடியது. திரைகள், மின்சாரம், செயற்கைக்கோள் எதோடும் அதற்குத் தொடர்பில்லை.

இரண்டாம் வகை, ஜிபிஎஸ்ஸைத் துணையாக வைத்துக்கொள்பவை. பலகையில் பொருத்தப்பட்டு, பிட்டோ குழாயோடும் நிலையழுத்தத் துளையோடும் இணைக்கப்பட்ட மின்னணுக் கருவிகள் பெரும்பாலும் இந்த வகை. 2016-இல் வந்த கார்மின் ஜி5 இதற்குப் பரவலான எடுத்துக்காட்டு. அதன் சொந்த மின்கலம் 4 மணி நேரம்வரை தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். இத்தகைய கருவியில் காட்டப்படும் வேகமும் உயரமும் காற்றிலிருந்தே வருகின்றன. சாய்நிலைக் கணக்குக்கு மட்டும் ஜிபிஎஸ், காற்றுவேகம் இரண்டில் ஒன்றோ இரண்டுமோ துணை. ஜிபிஎஸ் போனால் காற்றுவேகத்தைப் பிடித்துக்கொள்ளும். பிட்டோ உறைந்தால் ஜிபிஎஸ்ஸைப் பிடித்துக்கொள்ளும். டைனான் நிறுவனத்தின் ஸ்கைவியூ வகைத் திரைகளில் முதல் துணை காற்றுவேகமே. அது கிடைக்காதபோது ஜிபிஎஸ் உதவியோடு ஓடுவதாக ஓர் அறிவிப்பு திரையில் வரும். இரண்டு துணைகளும் ஒரே நேரத்தில் போனால் சாய்நிலையின் தரம் குறையத் தொடங்கும். எவ்வளவு, எவ்வளவு நேரத்தில் என்பது கருவிக்குக் கருவி மாறும்.

மூன்றாம் வகை, ஜிபிஎஸ்ஸையே எண்ணாகக் காட்டுபவை. கையில் எடுத்துச் செல்லக்கூடிய சிறு கருவிகளுக்குப் பிட்டோ இணைப்பு கிடையாது. டைனான் டி3 போன்றவற்றில் சாய்நிலை உள்ளிருக்கும் உணரிகளிலிருந்து வருகிறது. வேகம், உயரம், திசை மூன்றும் ஜிபிஎஸ்ஸிலிருந்து வருகின்றன. டேப்லெட்டோடு இணையும் பெட்டிகளும் ஏறத்தாழ இப்படித்தான். இவற்றின் திரை, பலகையில் இருக்கும் திரையைப் போலவே நேர்த்தியாக இருக்கும். ஆபத்தும் அந்த ஒற்றுமையில்தான் இருக்கிறது. வேகப்பட்டையில் தெரிவது காற்றுவேகம் என்று கண் பழக்கத்தில் எடுத்துக்கொள்ளும், அது தரைவேகம்.

இந்த மூன்றாம் வகைக்குள் இன்னும் ஓர் உட்பிரிவு உண்டு. உள்ளே ஜைரோவே இல்லாமல், ஜிபிஎஸ் காட்டும் நகர்வை மட்டும் வைத்துச் சாய்வை ஊகிக்கும் காட்சி. இவ்வளவு வேகத்தில் இவ்வளவு திரும்புகிறது என்றால் இவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும் என்று, மேலே பார்த்த கணக்கைத் தலைகீழாகப் போடுகிறது. 1990-களின் இறுதியில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே ஓர் ஆன்டெனாவைக் கொண்டு இதைச் செய்து, விமானத்திலும் சோதித்துக் காட்டினார்கள். நகர்வின் மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் சீரான காற்று இந்தக் கணக்கைக் கெடுப்பதில்லை என்பது இதன் அழகு. ஆனால் விமானம் ஒழுங்காகப் பறந்துகொண்டிருக்கிறது என்ற அனுமானத்தில் நிற்கிறது இது. பக்கவாட்டில் சறுக்கும்போதும், இறக்கை தூக்குவிசையை இழந்து சுழலும்போதும் அந்த அனுமானம் உடைகிறது. மேலும் விமானம் முதலில் சாய்கிறது, பிறகுதான் திரும்புகிறது. ஆகவே காட்சி எப்போதும் கொஞ்சம் பிந்தியே வரும். ஒன்றுமில்லாததற்கு இது மிக மேல். செயற்கைத் தொடுவானத்துக்கு இது ஈடாகாது.

## சிக்னல் போவது எப்படி இருக்கும்

தரையை வந்தடையும் ஜிபிஎஸ் சிக்னல் நம்ப முடியாத அளவுக்கு மெலிந்தது. ஒரு வாட்டை பத்தாயிரம் டிரில்லியன் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கின் அளவே. அதனால் ஒரு சிறு கருவியால்கூட அதை மூழ்கடித்துவிட முடியும். அமெரிக்காவின் நியூவர்க் விமான நிலையத்தில், ஜிபிஎஸ் சார்ந்த தரையிறங்கு உதவி அமைப்பு ஒன்றுக்கு 2012-இல் வந்த இடையூறு, தன் வாகனம் எங்கே போகிறது என்பதை முதலாளியிடமிருந்து மறைக்க ஓர் ஓட்டுநர் வைத்திருந்த தடைக்கருவியிலிருந்து வந்ததாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அவருக்கு ஏறத்தாழ 32,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2024 ஏப்ரல் இறுதியில் ஃபின்ஏர் நிறுவனம் ஜிபிஎஸ் இடையூறு காரணமாக எஸ்தோனியாவின் டார்ட்டு நகருக்குச் செல்லும் விமானங்களை ஒரு மாதம் நிறுத்தியது.

இரண்டு வகைத் தாக்குதலைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முடக்கல் என்பது சிக்னலை இரைச்சலில் மூழ்கடிப்பது. ஏற்பிக்குத் தனக்கு எதுவும் தெரியவில்லை என்பது தெரியும்; கருவி அந்தத் துணையை ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகும். ஏமாற்றல் என்பது போலிச் சிக்னலை அனுப்புவது. ஏற்பி தவறான இடத்தையும் வேகத்தையும் உறுதியோடு சொல்லும். 2023-க்குப் பிறகு பல வட்டாரங்களில் பெரிய விமானங்கள் இதைச் சந்தித்து, கடிகாரம் தாவியதாகவும் நிலம் நெருங்குவதாகப் பொய் எச்சரிக்கை ஒலித்ததாகவும் தெரிவித்தன. மாற்றுக் கருவியைப் பொறுத்தவரை என் கவலை முடக்கலைவிட ஏமாற்றலில்தான் அதிகம். காற்றுவேகத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் கருவிக்கு முரண்பாட்டைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஜிபிஎஸ்ஸை மட்டும் வைத்திருக்கும் கருவிக்கு ஒப்பிட வேறொன்று இல்லை.

ஆனாலும், சிறு விமானத்தில் ஜிபிஎஸ் போவதற்கு எதிரி யாரும் தேவையில்லை. ஆன்டெனா கம்பி தளர்ந்தாலே போதும்.

## வாங்கும் முன்பும் பறக்கும் முன்பும்

கருவியின் கையேட்டில் முதலில் தேட வேண்டிய பகுதி செயலிழப்பு முறைகள் பற்றியது. ஜிபிஎஸ் இல்லாதபோது சாய்நிலை என்ன ஆகும், காற்றுவேகம் இல்லாதபோது என்ன ஆகும், இரண்டும் இல்லாதபோது என்ன ஆகும் என்று மூன்று கேள்விக்கும் அங்கே விடை இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கருவியை மாற்றாக எண்ணக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

அடுத்தது ஆற்றல். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ 2003-இல் திருப்பக் காட்டியின் இடத்தில் இரண்டாவது செயற்கைத் தொடுவானத்தை வைத்துக்கொள்ள வழிசெய்தபோது, அதன் ஆற்றல் முதல் கருவியின் ஆற்றலைச் சாராமல் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. விதி எந்த நாட்டினுடையதாக இருந்தாலும் அந்த நிபந்தனை பொருளுள்ளது. மின்கலம் உள்ள கருவி என்றால் அந்தக் கலம் உண்மையில் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதைத் தரையிலேயே அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

கையடக்கக் கருவி என்றால் இன்னொன்றும் உண்டு. அதைக் குலுங்காத இடத்தில் விமானத்தோடு இறுகப் பொருத்த வேண்டும். மடியில் வைத்தால் அது காட்டுவது மடியின் சாய்வை. கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைத்தால் சூடேறி அணைந்துவிடும்.

காற்றுவேகமானி ஒன்று மட்டும் செயலிழக்கும் நிலையில் ஜிபிஎஸ்ஸுக்கு உண்மையான பயன் இருக்கிறது. பிட்டோ குழாய் பனியில் அடைபட்டாலும் பூச்சி புகுந்து அடைத்தாலும் இது நேரும். அப்போது முதல் நம்பிக்கை சாய்நிலையும் எஞ்சின் ஆற்றலும்தான். ஒரு விமானத்தில் குறிப்பிட்ட மூக்கு உயர்வும் குறிப்பிட்ட எஞ்சின் சுழற்சியும் சேர்ந்தால் வேகம் எப்போதும் ஏறத்தாழ ஒன்றாகவே வரும். கருவிகள் எல்லாம் நன்றாக இருக்கும் நாளில், தரையிறங்க வரும்போதும் நேராகப் பறக்கும்போதும் ஏறும்போதும் அந்த எண்களைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். அவற்றை அமைத்தபின், எதிரெதிர்த் திசைகளில் கொஞ்ச நேரம் பறந்து ஜிபிஎஸ் தரைவேகத்தைப் பாருங்கள். காற்றின் திசைக்கு நேராகவும் எதிராகவும் பறந்தால் இரண்டின் சராசரி உண்மையான காற்றுவேகத்துக்கு மிக அருகில் வரும். வித்தியாசத்தின் பாதி காற்றின் வேகம். அந்த உண்மையான வேகம் உயரத்தில் காற்றுவேகமானி காட்டுவதைவிட அதிகமாக இருக்கும். ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 2 சதவீதம் என்று கழித்துக்கொள்ள வேண்டும். கீழே இறங்கும்போது காற்று மாறும் என்பதால், ஓடுபாதையருகே வீசும் காற்றை வானொலியில் கேட்டு, எதிர்க்காற்றில் இறங்கும் திசையைத் தேர்ந்து, வழக்கத்தைவிடச் சில நாட் கூடுதலாக வைத்து வர வேண்டும்.